சரிபார்க்கத்தக்கது

நான் வேலையில் இருந்தபோது என் மேசைக்கு வந்த சேர்க்கைப் பதிவேடுகளை நம்புவதாக இருந்தால், எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் மே மாதத்தில் பிறந்தவர்கள். ஐப்பசி அடைமழையில் பிறந்ததும் மே. பொங்கலுக்கு மறுநாள் பிறந்ததும் மே. காரணம் கிரகநிலை அல்ல. ஜூனில் பள்ளி திறக்கும்போது பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்பது விதி. முடியாத பிள்ளைக்குத் தலைமையாசிரியர் முடித்து வைப்பார். தாய் ஒரு முறை பெற்ற பிள்ளையை அவர் இன்னொரு முறை பெற்றெடுப்பார், அதுவும் வலியில்லாமல்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஆகஸ்ட் முதல் தேதியில் எத்தனை தலை என்று எண்ணி, தலை குறைந்தால் ஆசிரியர் பணியிடத்தைத் தூக்கிக்கொண்டு போகும் கல்வி அலுவலகப் பிரிவில் நான் கண்காணிப்பாளர். எண்ணிக்கை குறைந்ததற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் தருக என்று குறிப்பாணை அனுப்புவேன். விளக்கம் வராது. அதற்குப் பதிலாக நாலரை வயதுப் பிள்ளை ஒன்று ஐந்து வயதாகி வரும். எண்ணிக்கை சரியாகிவிடும். நானும் கோப்பை முடித்துவிட்டு டீ குடிக்கப் போவேன்.

ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியை என்னைத் தேடிப் பெரம்பலூருக்கு வந்தார். இளம் விளையாட்டு வீரர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள், யாருக்குப் பயிற்சி கிடைக்கிறது, யார் மேலே போகிறார்கள், யார் பாதியில் நிற்கிறார்கள் என்பது அவருடைய ஆய்வு. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் பள்ளி பள்ளியாகப் போய்த் தகவல் திரட்ட ஓர் ஆள் வேண்டும் என்றார். ஓடத் தெரிந்த ஆள் இல்லை. எந்தக் கோப்பு எந்த மேசையில் படுத்திருக்கும், அதை எப்படி எழுப்புவது என்று தெரிந்த ஆள். களப்பணி ஒருங்கிணைப்பாளர் என்று பதவிப் பெயரும் கொடுத்தார். நான் என் வாழ்நாளில் பந்தயம் ஓடியதில்லை. எங்கள் பள்ளியில் விளையாட்டுப் பாடவேளை வந்தால் கணக்கு வாத்தியார் உள்ளே வந்துவிடுவார்.

பேராசிரியை கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயலில் இறங்கி நடப்பார், கொடுத்த மோரைக் குடிப்பார், பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசுவார். அவருடைய கொள்கையும் எனக்குப் பிடித்திருந்தது. ஒரே வயதுப் பிரிவில் ஓடும் பிள்ளைகளில் ஆண்டின் முன்பகுதியில் பிறந்தவர்கள் சில மாதம் மூத்தவர்கள். அந்தச் சில மாத வளர்த்தியைப் பயிற்சியாளர் திறமை என்று எண்ணி அவர்களையே தேர்ந்தெடுக்கிறார். பிறகு மைதானம், முட்டை, பயிற்சி எல்லாம் அவர்களுக்கே போகின்றன. கடைசியில் அவர்கள் உண்மையிலேயே திறமைசாலிகளாகி விடுகிறார்கள். பின்னால் பிறந்த பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறார்கள். இதை நிரூபிப்பதற்குத்தான் பிறந்த மாதங்கள் தேவைப்பட்டன.

முதல் கட்டத் தகவல்களைக் கணினியில் ஏற்றிவிட்டு ஒரு நாள் எனக்குப் படம் காட்டினார். வரைபடத்தில் மற்ற மாதங்கள் எல்லாம் குட்டையாக நிற்க, மே மட்டும் செல்போன் கோபுரம் மாதிரி நின்றது.

"பாத்தீங்களா சார்? வேற எங்கயும் இவ்வளவு தெளிவா வந்ததில்ல" என்றார்.

"மேடம், மே மாசத்துல யாரும் பொறக்கலிங்க. எழுதினாங்க."

விவரம் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது. இரண்டு ஆண்டு உழைப்பைத் தலைமையாசிரியர்கள் பேனாவால் கவிழ்த்திருந்தார்கள். "அப்ப நிஜமான தேதிய எப்படித்தான் சார் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டார்.

அங்கேதான் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஆனால் நடைமுறை தெரிந்தவனிடம் வழி கேட்டால் அவனால் சும்மா இருக்க முடியாது. பிறப்புச் சான்றிதழ் பெரும்பாலும் டிரங்குப் பெட்டியில் இருக்கும், பெயர் எழுதாமல், 'பெண் குழந்தை' என்று மட்டும் இருக்கும், ஆனால் தேதி சரியாக இருக்கும் என்றேன். ஏலாக்குறிச்சிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாதா கோயில் பதிவேட்டில் ஞானஸ்நானத் தேதியும் பிறந்த தேதியும் கிடைக்கும் என்றேன். அன்று மாலையே புதிய படிவம் ஒன்றை வரைந்து கொடுத்தேன். முதல் கட்டம்: பள்ளிப் பதிவேட்டின்படி பிறந்த தேதி. இரண்டாவது: சான்றிதழின்படி பிறந்த தேதி. மூன்றாவது: குறிப்பு. அடியில் களப்பணியாளர் கையெழுத்து. நான் வரைந்த படிவங்களிலேயே அழகானது அது. பேராசிரியை அதைப் பார்த்துவிட்டு, "சார், நீங்க எங்க டிபார்ட்மெண்ட்ல இருக்க வேண்டியவர்" என்றார். வீட்டுக்குப் போகும்வரை அந்த வார்த்தை எனக்கு இனித்தது.

அந்தப் படிவத்தோடுதான் வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன். அங்கே அரசுப் பள்ளியில் ஒரு பி.டி. சார் இருந்தார். முப்பத்தைந்து வயதுக்காரர். பள்ளிக்கு மைதானம் இல்லை. வறண்ட ஏரியில் கருவேல முள்ளைத் தானே வெட்டிச் சுத்தம் செய்து, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, பிள்ளைகளை ஓடவிட்டுக்கொண்டிருந்தார். அவர்களில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி நானூறு மீட்டர் ஓடினாள். எனக்கு ஓட்டம் தெரியாது. ஆனால் மற்றப் பிள்ளைகள் ஓடும்போது கால் சத்தம் கேட்டது. அவள் ஓடும்போது கேட்கவில்லை.

"இவ ஓடல சார். காத்து தள்ளிட்டுப் போவுது" என்றார் பி.டி. சார். "அடுத்த மாசம் விளையாட்டு விடுதிக்கு செலக்‌ஷன். உள்ள போயிட்டான்னா வேளாவேளைக்குச் சாப்பாடு, நல்ல டிராக், கோச்சு. போவலைன்னா இந்த ஏரிதான். அதுவும் மழை பேஞ்சா இருக்காது."

அவள் வீட்டுக்குப் போனோம். அம்மா வாசலில் சின்ன வெங்காயத்தைக் குவித்து வைத்துக் காய்ந்த தாளை அரிந்துகொண்டிருந்தார். தகப்பன் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார், வாரத்துக்கு ஒரு நாள்தான் வீட்டுக்கு வருவார் என்று தெரிந்தது.

"விடுதி கெடச்சா அனுப்புவீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"கெடச்சா போவட்டுங்க. இங்க இருந்தா எங்கூட உக்காந்து வெங்காயம் அரிவா. ஓடுற காலு, உக்காந்தா கெட்டுப் போயிடும்னு சாரு சொல்றாரு. எனக்கு என்னங்க தெரியும்?"

"அம்மா உக்காந்தே வேலை செய்யுது. அதான் இந்த ஒடம்பு" என்று உள்ளேயிருந்து பெண் சொன்னாள்.

"வாயப் பாருங்க. இது ஓடுறதுக்கு முன்னாடி வாயி ஓடும்" என்றார் அம்மா. எல்லோரும் சிரித்தோம்.

பிளாஸ்டிக் உறையிலிருந்து சான்றிதழை எடுத்துக் கொடுத்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்த பெண் குழந்தை. தீபாவளிக்கு முந்தின நாள். பள்ளிப் பதிவேட்டிலோ அதற்கு ஆறு மாதம் முன்னால், மே மாதத்தில், தலைமையாசிரியர் பெற்றிருந்தார். ஆதார் அட்டையும் பள்ளித் தேதியையே பின்பற்றியிருந்தது. அதாவது ஏட்டில் இருப்பதைவிட அவள் ஆறு மாதம் சின்னவள். பேராசிரியையின் கொள்கைப்படி பார்த்தால், தன்னைவிட மூத்தவர்களோடு ஓடி அவர்களையே தோற்கடித்துக்கொண்டிருந்தவள். இப்படிப்பட்ட பிள்ளையைத்தான் அவர் இரண்டு ஆண்டாகத் தேடிக்கொண்டிருந்தார்.

இரண்டு கட்டங்களிலும் இரண்டு தேதிகளை எழுதினேன். மூன்றாவது கட்டத்தில், 'பிறந்த தேதியில் முரண்பாடு உள்ளது. சரிபார்க்கத்தக்கது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இந்தச் சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நான் அதை எழுதியிருக்கிறேன். கோப்பில் ஏதோ இடறுகிறது. நோண்டினால் எல்லோருக்கும் வேலை. நோண்டாமல் விட்டால் நாளைக்குத் தணிக்கையில் கேள்வி வரும். அப்போது ஓரத்தில் 'சரிபார்க்கத்தக்கது' என்று எழுதிவிடுவோம். யார் சரிபார்ப்பது, எப்போது என்று அதில் இருக்காது. பார்த்தேன் என்பதற்குச் சாட்சி ஆயிற்று. பார்க்க வேண்டியதில்லை என்பதற்கும் வழி ஆயிற்று. எங்கள் அலுவலகத்தில் அதைப் படிக்கிற எவரும் கோப்பைக் கட்டி அலமாரியில் வைத்துவிடுவார்கள். இதை யாரும் தொட வேண்டாம் என்பதே அதன் பொருள். அந்தப் பெண்ணுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் அதை எழுதினேன்.

இன்னொன்றும் செய்திருந்தேன். பயிற்சி பெறும் பிள்ளைகளைச் சந்திக்க, விடுதித் தேர்வையும் நடத்தும் ஓர் அலுவலகத்தின் அனுமதி தேவைப்பட்டது. பெயர் வேண்டாம். அனுமதிக் கடிதத்தை விண்ணப்பிப்பவரே எழுதிக் கொண்டுவந்தால் கையெழுத்துப் போடுவது அங்கே வழக்கம். எழுதியவன் நான். வெறும் அனுமதி என்றால் கையெழுத்து ஆகாது. நாலு நிபந்தனையாவது இருந்தால்தான் அதிகாரிக்குக் கை வரும். அதனால் நான்காவது நிபந்தனையாக, 'திரட்டப்படும் தகவல்களின் நகல் ஒன்று இவ்வலுவலகத்துக்கு அளிக்கப்பட வேண்டும்' என்று சேர்த்தேன். பிள்ளைகளிடம் வாங்கிய ஒப்புதல் படிவத்திலோ தகவல்கள் இரகசியமாக இருக்கும் என்று அச்சடித்திருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று இடிக்கும் என்று எனக்குத் தெரியும். நகலை அங்கே யாரும் பிரித்துப் படிக்கமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டாவது தெரிந்ததுதான் தப்பாகப் போயிற்று. அங்கே புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்திருந்தார். வந்த காகிதத்தை எல்லாம் படிக்கும் பழக்கம் இன்னும் அவரை விட்டுப் போகவில்லை.

தேர்வு நாளன்று காலை பி.டி. சார் போன் செய்தார். தேர்வு வெளியூரில், பெரிய மைதானத்தில்.

"சார், நம்ம புள்ளைய ஓட விடமாட்டேங்கறாங்க. பேருக்கு நேரா சிவப்பு மையில சுழிச்சிருக்கு. வயசுல முரண்பாடுங்கறாங்க. நீங்க எழுதினதாமே?"

அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போனேன். சான்று சரிபார்க்கும் மேசையில் முப்பது வயதுகூட ஆகாத ஒருவர் உட்கார்ந்திருந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"நான்தாங்க அந்தப் படிவத்தை எழுதினவன்" என்றேன்.

"அப்ப நல்லதாப் போச்சு சார். சரிபார்க்கத்தக்கதுன்னு எழுதியிருக்கீங்க. சரிபாத்தாச்சுங்களா?"

"அதுக்கு அர்த்தம் அது இல்லிங்க."

"வேற என்னங்க அர்த்தம்?"

வரிசையில் என் பின்னால் பிள்ளைகளும் தகப்பன்மார்களும் நின்றார்கள். எங்கள் அலுவலகங்களில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அந்த இடத்தில் எப்படிச் சொல்வது?

"எந்தத் தேதிய வச்சுப் பாத்தாலும் இந்தப் பொண்ணு வயசு வரம்புக்குள்ளதாங்க வருது. கூடப் போவல, கொறைஞ்சுதான் இருக்கு" என்றேன்.

"இருக்கலாம் சார். ஆனா எந்தத் தேதின்னு நீங்க முடிவு பண்ணிக்கிட்டு வரணும். ரெண்டு பொறந்தநாளு இருக்கறவங்களுக்கு நான் ஒரு நம்பர் எப்படிக் குடுப்பேன்? நாளைக்கு யாராவது வயசு மோசடின்னு பெட்டிஷன் போட்டா மாட்டிக்கிறது நானு. நீங்களும் ஆபீஸ்ல இருந்தவங்கதான், உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இதைவிட மோசமாகப் பேசியிருப்பேன், இதைவிட நல்ல தமிழில்.

அவள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். மார்பில் எண் குத்திக்கொள்ள வீட்டிலிருந்து நாலு ஊக்கு கொண்டு வந்திருந்தாள். அவற்றை ஒன்றுக்குள் ஒன்றாக மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். அவளுடைய பிரிவைக் கூப்பிட்டார்கள். எட்டுப் பெண்கள் ஓடினார்கள். பி.டி. சார் கையில் இருந்த கடிகாரத்தை அவரை அறியாமலே அழுத்தியிருக்கிறார். முதலில் வந்தவள் கோட்டைத் தாண்டியதும் நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நம்ம ஏரியில, செருப்பு இல்லாம, இவ இதைவிட முன்னாடி வந்திருக்கா சார்" என்றார். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

அதற்குப் பிறகு நான் எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். சான்றிதழில் பெயர் சேர்த்தேன். தாயின் உறுதிமொழி, கிராம நிர்வாக அலுவலர் சான்று, தலைமையாசிரியரின் முன்மொழிவு எல்லாவற்றையும் வாங்கி வரிசையாகத் தைத்து, பள்ளிப் பதிவேட்டில் பிறந்த தேதி திருத்தக் கேட்டு மேலே அனுப்பினேன். அந்தத் தலைமையாசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது இருப்பவருக்கு இதில் ஆர்வம் இல்லை. எழுத வேண்டியதை நானே எழுதிக் கொடுத்தேன். தேர்வுக் குழு, காத்திருப்போர் பட்டியலில் ஓர் இடம் இருக்கிறது, திருத்தம் வந்தால் தனியாக ஓடவைத்துப் பார்க்கிறோம் என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தது. மூன்று வாரம் அவகாசம். பேராசிரியையும் பல்கலைக்கழக முத்திரைத்தாளில் நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். அதற்கு ஒரு பதிவு எண் கிடைத்தது.

மூன்றாவது வாரம் நேரில் போனேன். கோப்பு இருந்த பிரிவில் உட்கார்ந்திருந்தவர் என்னிடம் வேலை கற்றவர். எழுந்து நின்று நாற்காலி போட்டார், டீ சொன்னார். கோப்பைத் தேடிக் கீழ் அலமாரியிலிருந்து எடுத்தார். முன்மொழிவின் ஓரத்தில் அவருடைய அழகான கையெழுத்து: 'சான்றிதழில் பெயர் பின்னர் சேர்க்கப்பட்டுள்ளது. சரிபார்க்கத்தக்கது.'

"என்னப்பா இது?" என்றேன்.

"நீங்க சொல்லிக் குடுத்ததுதாங்க சார். நம்ம மேல ஒண்ணும் வராது பாருங்க" என்றார். என்னை மகிழ்விப்பதாக நினைத்துத்தான் சொன்னார். ஓர் அலுவலகத்தில் அந்தச் சொல் அவளை நிறுத்தியது. இன்னொன்றில் கோப்பைத் தூங்க வைத்தது. ஓர் இடத்திலாவது தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று சொல்லவும் வழியில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து அன்றைக்கே நகர்த்தினேன். ஆணை கையெழுத்தாகி வருவதற்குள் காத்திருப்போர் பட்டியலும் முடிந்து, பிள்ளைகள் பெட்டியோடு விடுதிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இடையில் பேராசிரியையின் கட்டுரை வெளிவந்தது. நல்ல கட்டுரை. பதிவேட்டுத் தேதியை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பதை அழுத்தமாகச் சொல்லியிருந்தார். கடைசியில் எனக்கு நன்றி. தேர்வானவர்கள் ஓர் அட்டவணையில் இருந்தார்கள், தேர்வாகாதவர்கள் இன்னொன்றில். அவள் இரண்டிலும் இல்லை. தேர்வில் கலந்துகொள்ளாததால் அவளுடைய தகவல் கணக்கில் சேரவில்லை என்றார்.

"எனக்கும் கஷ்டமாத்தான் சார் இருக்கு. ஆனா ஓடினாத்தானே ஓடினான்னு எழுத முடியும்?" என்றார். நியாயம்தான். அவருடைய நியாயத்தில் எனக்கு ஒருபோதும் ஓட்டை கிடைத்ததில்லை.

திருத்த ஆணையின் நகலை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். பி.டி. சார் அதற்குள் மாறுதலில் ஆண்டிமடம் பக்கம் போய்விட்டார். வரும் வழியில் ஏரியைப் பார்த்தேன். கோடு எதுவும் இல்லை.

அம்மா ஏணியில் நின்று, வெங்காயம் சேமித்து வைக்கும் பட்டறைக்கு ஓலை கட்டிக்கொண்டிருந்தார். மகள் கீழிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆணையை நீட்டினேன். மகள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்துக் காட்டினாள்.

"அப்ப இவ ஆறு மாசம் சின்னவளாயிட்டாளா?" என்று அம்மா மேலேயிருந்து கேட்டார்.

"முன்னேயே சின்னவதாம்மா. இப்ப ஏட்டுலயும் ஆயிட்டா."

"நான் பெத்தப்பவே எனக்குத் தெரியும்ங்க அது. உங்களுக்குத்தான் இத்தினி நாளாச்சு."

மகளிடம், அடுத்த ஆண்டும் தேர்வு உண்டு, இந்த ஆணையைக் காட்டி ஆதாரையும் திருத்திவிட்டால் தடை ஒன்றும் இல்லை, வயதும் சாதகமாக இருக்கிறது என்று சொன்னேன். அவள் ஆணையை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்த வருசம் சேந்தவங்களும் அப்ப ஓடுவாங்களா சார்?"

"அவங்க உள்ள இருக்காங்கம்மா. உனக்கு அவங்களோட போட்டி இல்ல. புதுசா வர்றவங்களோடதான்."

"அதுக்கப்புறம் மாவட்டத்துல, மாநிலத்துல அவங்ககூடத்தான ஓடணும். அவங்க ஒரு வருசம் டிராக்ல ஓடியிருப்பாங்க. நான் இங்க ஓல எடுத்துக் குடுத்திருப்பேன். ஏட்டுல எத்தன மாசம் சின்னவளாயிருந்தா என்ன சார், அவங்க என்னைய விட ஒரு வருசம் பெரியவங்கதான?"

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்துச் சொன்னாள்.

விண்ணப்பம் எப்போது வரும், எந்தெந்தச் சான்றுகளை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன். தேர்வு நாளன்று நானே கூட வந்து மேசையில் எடுத்துச் சொல்வதாகவும் சொன்னேன். அம்மா ஏணியிலிருந்து இறங்கி வந்தார்.

"நீங்க ஒண்ணும் எழுத வேணாங்கய்யா. வரவும் வேணாம். பழைய பி.டி. சாருக்குப் போன் போட்டுட்டோம். ஆண்டிமடத்துலேருந்து அவரே வந்து கூட்டிட்டுப் போறேன்னுட்டாரு" என்றார். பிறகு, அவ்வளவு தூரம் வந்தவனை அப்படியே அனுப்பக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, "தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

மகள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். ஆணையின் நகல் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று ஒரு தாள் என் பையில் இருந்தது. அதை வெளியே எடுக்காமலேயே கிளம்பினேன்.